குழந்தையின் பில் எந்தக் கணக்கில்? ஒரு வேலூர்க் குடும்பத்தின் பிரசவக் காப்பீடு

வேலூரில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரி?" பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாமல் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைத் திண்டிவனத்தில் பார்த்த ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கிய ஊர் இது. இங்கே ஆஸ்பத்திரி பற்றிப் பேச ஆளுக்கொரு கதை இருக்கும். பணத்தை யார் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வளைகாப்பு முடிந்த பிறகுதான் எழும். அந்த நேரத்தில் காப்பீட்டில் செய்வதற்கு அநேகமாக ஒன்றும் மிச்சம் இருக்காது.

நான் ஆறு வருடம் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்தவள். ஐந்தாம் மாத வயிற்றோடு வந்து "இப்போ ஒரு பாலிசி போட்டா டெலிவரிக்குக் கிடைக்குமா மேடம்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. இங்கே எழுதுவது என் சித்தி மகளின் கதை. அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் தங்கை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆலோசனை சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. அதில் ஒரு ஓட்டையும் இருந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குடும்பம்

தங்கைக்கு அப்போது 27 வயது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. 2023 டிசம்பரில் சேர்ந்தாள். மொத்தச் சம்பளம் 19,200 ரூபாய். அவள் கணவர் சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் இருக்கிறார். காட்பாடியில் வீடு, சீசன் டிக்கெட்டில் ரயில் பயணம். அவருடைய கம்பெனி கொடுத்திருந்த குரூப் பாலிசியில் கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்று லட்சம்.

2022-இல் திருமணமான கையோடு ஒரு முகவர் வந்தார். இருவருக்கும் ஐந்து லட்சத்துக்கு மகப்பேறு சேர்த்த பாலிசி, வருடம் 27,800 ரூபாய். மகப்பேறு இல்லாமல் அதே தொகைக்கு 14,200. காத்திருப்புக் காலம் 24 மாதம், பிரசவத்துக்கு உச்சவரம்பு 50,000. குழந்தைக்கு முதல் 90 நாளில் வரும் செலவும் அந்த ஐம்பதுக்குள்தான். தங்கையின் கணவர் காகிதங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அக்கா, போடலாமா?" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். காரணம் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. வித்தியாசம் வருடத்துக்கு 13,600. இரண்டு வருடம் காத்திருந்து மூன்றாம் வருடம் குழந்தை பிறந்தால் மூன்று தவணை கட்டியிருப்பார்கள், 40,800. கையில் வருவது அதிகபட்சம் 50,000. வீட்டில் பிள்ளைப்பேறு என்பது தீ விபத்து மாதிரி எதிர்பாராத ஒன்று கிடையாது. பாலிசி எடுப்பவர்களே நாள் பார்த்து எடுக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கும் தெரியும். அதனால் கொடுக்கப் போகிற தொகையைக் கிட்டத்தட்ட நம்மிடமே முன்கூட்டி வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். நடுவில் காத்திருப்பு முடிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதுவும் போச்சு. (அந்தத் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம். தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. இன்றைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.)

மகப்பேறு சேர்க்காத சாதாரணப் பாலிசியை எடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதையும் எடுக்கவில்லை. அது வேறு சண்டை. எடுத்திருந்தாலும் பிரசவத்துக்கு உதவியிருக்காது. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் போடும் விலக்குகளில் 18-ஆவது மகப்பேறு. சிசேரியனும் சிக்கலான பிரசவமும் அந்த விலக்குக்குள்ளேயே வரும். கருப்பைக்கு வெளியே கரு தங்கும் எக்டோபிக் கர்ப்பம் ஒன்றுதான் அதிலிருந்து தப்பும். விபத்தால் ஏற்படாத கருச்சிதைவுக்கும் பணம் வராது. "ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே" என்று நிம்மதியாக வந்து, கவுன்டரில் இந்த ஒரு பத்தியைப் படித்ததும் முகம் மாறிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாய்வீடா, பட்டியலா

2024 மார்ச்சில் கரு உறுதியானது. பிரசவ நாள் நவம்பர் 10 என்று கணித்தார்கள். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று சித்தி தீர்மானமாக இருந்தார். தாய்வீடு குடியாத்தம். அங்கே சித்திக்குப் பழக்கமான ஒரு நர்சிங் ஹோம், தங்கையே பிறந்த இடம்.

நான் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னேன். அந்த நர்சிங் ஹோம் குரூப் பாலிசியின் கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனமே நேராகப் பில் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியலில், இருக்கிறதா? பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, அதாவது என்.ஐ.சி.யூ., இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றே பதில். அவசரம் என்றால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் வேலூர் வரவேண்டும். பாலிசியைக் காட்டிப் பேசியபோது சித்தி அசையவில்லை. ஆம்புலன்ஸைச் சொன்னதும் இறங்கி வந்தார். வளைகாப்பு, மருந்து, ஓய்வு எல்லாம் குடியாத்தத்தில், பிரசவம் வேலூரில் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனையில் என்று முடிவானது.

அரசு வழியும் உண்டு. அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி அரசு இடங்களில் பிரசவம், சிசேரியன், மருந்து, சாப்பாடு எல்லாமே இலவசம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிறந்த குழந்தையின் சிகிச்சையும் அடங்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் தருகிறார்கள். அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அது ஏழைக் குடும்பங்களுக்கானது, தங்கைக்குப் பொருந்தாது. ஆனால் எங்கே பிரசவம் பார்த்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி என்ற பதிவு எண் வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் நகராது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் குழந்தையை எந்தப் பாலிசியிலும் நிலையாகச் சேர்க்க முடியாது. கிராம சுகாதார செவிலியர் ஏப்ரலிலேயே பதிந்துகொடுத்தார். இந்த முழுக் கதையிலும் தடங்கலே இல்லாமல் நடந்த காரியம் இது ஒன்றுதான்.

144 ரூபாய்

தங்கையின் சம்பளச் சீட்டில் மாதம் 144 ரூபாய் இ.எஸ்.ஐ. என்று பிடித்தம். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு அது. "அது ஏதோ பி.எஃப். மாதிரி போகுதுக்கா" என்றாள். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி பங்கு, 3.25 சதவீதம் கம்பெனி பங்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலில் வேலை செய்யும் பெண்களில் ஏராளமானோருக்குக் கையிலிருக்கும் மிகப் பெரிய மகப்பேறுப் பாதுகாப்பு இதுதான். அவர்கள் அதைப் பிடித்தமாக மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இதில் மருத்துவச் செலவு ஒரு பக்கம், சம்பளம் இன்னொரு பக்கம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. முதல்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேர்பவர்களுக்கு மட்டும் ஒன்பது மாதம் கழித்தே பலன் தொடங்கும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் இன்னொரு காலம். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையே பிரசவம் என்றால் அந்த வருட மார்ச்சோடு முடிந்த இரண்டு காலங்களைப் பார்ப்பார்கள். தங்கை டிசம்பரில் சேர்ந்தவள், மார்ச் முடிவுக்குள் நூறு நாளைத் தாண்டிவிட்டாள். பிப்ரவரியில் சேர்ந்திருந்தால் 70 நாள் வந்திருக்காது. அவள் அதையெல்லாம் பார்த்து வேலைக்குச் சேரவில்லை. பழைய கம்பெனியில் சூப்பர்வைசரோடு தகராறு, வெளியே வந்தாள், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்குச் சுமார் 640 ரூபாய், 182 நாளுக்கு ஏறக்குறைய 1,16,000. தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் இந்தப் பணம் உண்டு. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முன்பே காட்டிப் பதிந்து, சான்றுகளைச் சரியாகக் கொடுக்க வேண்டும். ஜூனில் ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போய் வந்தாள். வரிசையில் நின்றதற்கு அன்றைக்கு என்னைத் திட்டினாள்.

ஜூலையில் வந்த வேலை

இதுவரை எல்லாம் சரி. ஜூலை நடுவில் கணவருக்குப் புதிய கம்பெனியில் வேலை வந்தது. மாதம் 9,000 ரூபாய் கூடுதல், செப்டம்பர் 2-இல் சேர வேண்டும். குரூப் பாலிசி என்பது கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். ஆகவே பிரசவம் புதிய கம்பெனியின் பாலிசியில்தான் வரும்.

"அக்கா, அங்க டெலிவரிக்கு எழுபத்தஞ்சு தராங்களாம். இங்க வெறும் ஐம்பது. யோசிக்க இன்னா இருக்கு?"

"நடுவுல சேர்றவங்களுக்கு ஒன்பது மாசம் வெயிட்டிங் இருக்கா? குழந்தையோட செலவு எதுல வருது? இந்த ரெண்டையும் எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளுங்க தம்பி. போன்ல வேண்டாம்."

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. காத்திருப்பு இல்லை. அது நல்ல செய்தி. இரண்டாவது வரியில் விஷயம் இருந்தது: பிறந்த குழந்தைக்கு முதல் 90 நாளில் ஆகும் மருத்துவச் செலவு மகப்பேறு வரம்பான 75,000-க்குள் அடங்கும். பழைய பாலிசியை எடுத்துப் பார்த்தோம். அதில் பிரசவத்துக்கு 50,000தான். ஆனால் குழந்தை பிறந்த முதல் நாளிலிருந்தே குடும்பத்தின் மூன்று லட்சத்துக்குள் வருகிறது, 30 நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும்.

என் கவுன்டர் அனுபவம் இங்கேதான் பேசியது. தாயின் பில் எவ்வளவு என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம், ஆஸ்பத்திரியே ஒரு பேக்கேஜ் தாளை நீட்டும். குழந்தையின் பில்லுக்கு அப்படித் தாள் கிடையாது. என்.ஐ.சி.யூ. வாசலில் மூன்றாம் நாள், நான்காம் நாள் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இழுத்தடிப்பதற்காக இல்லை, எனக்கே தெரியாது. கணக்குத் தெரியாத செலவுக்குத்தானே காப்பீடு?

நவம்பர் முடியும்வரை பழைய இடத்திலேயே இருங்கள் என்றேன். புதிய கம்பெனியிடம் டிசம்பருக்குத் தள்ளிவைக்கக் கேட்டார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை கைவிட்டுப் போனது. வீட்டில் பத்து நாள் என்னிடம் யாரும் சரியாகப் பேசவில்லை.

அக்டோபர் 11

செப்டம்பர் கடைசியில் கால் வீங்கியது. சாதாரணம்தான் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். அக்டோபர் 11, ஆயுத பூஜை. கம்பெனி விடுமுறை. காலையில் தலைவலி, கண் முன்னே மின்னுகிற மாதிரி இருக்கிறது என்றாள். மருத்துவமனையில் பி.பி. 160/110, சிறுநீரில் புரதம். 35 வாரம் 5 நாள். மாலைக்குள் சிசேரியன். ஆண் குழந்தை, 2 கிலோ 100 கிராம். மூச்சு இழுப்பு இருந்ததால் இரவே என்.ஐ.சி.யூ.

தாய்க்கு கேஷ்லெஸ் ஒப்புதல் உடனே வந்தது. குழந்தைக்குத் தனிக் கோப்பு. ஐம்பது நிமிடத்தில் பதில் வந்தது: உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லை, அனுமதி மறுப்பு. ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. மறுப்பும் ஒரு முடிவுதான். குழந்தையைப் பட்டியலில் சேர்க்க வேண்டியது எச்.ஆர்., அவர்களுக்கு வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி, அப்புறம் ஞாயிறு. மருத்துவமனை 40,000 அட்வான்ஸ் கேட்டது. சித்தியின் சீட்டுப் பணமும் கணவரின் கிரெடிட் கார்டும் சேர்ந்து அன்றிரவு கட்டினோம். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு எச்.ஆர். ஒரு மெயில் அனுப்பினார். மறுபடி விண்ணப்பித்தோம். மதியம் ஒப்புதல் வந்துவிட்டது. பாலிசியில் "முதல் நாளிலிருந்து" என்று எழுதியிருப்பது உண்மைதான். விடுமுறை நாளில் அதைச் செயல்படுத்த ஆள் வேண்டும் என்பதை நான் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே எச்.ஆரிடம் விடுமுறை நாளில் யாரை அழைப்பது என்று கேட்டு எண் வாங்கி வைத்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

குழந்தை ஒன்பது நாள் உள்ளே இருந்தது. அக்டோபர் 20 அன்று வீட்டுக்கு வந்தது.

தாயின் பில் 98,400. ரத்த அழுத்தச் சிக்கலுக்கான செலவையும் மகப்பேறு வரம்புக்குள்ளேயே போட்டார்கள், ஆகவே வந்தது 50,000. குழந்தையின் பில் 1,46,200. டயபர், கையுறை, இன்னும் சில பொருள்கள் என்று 9,300 ரூபாயைக் கழித்துவிட்டு 1,36,900 கொடுத்தார்கள். இரண்டு பில்லும் சேர்ந்து 2,44,600. கையிலிருந்து போனது 57,700.

புதிய கம்பெனியில் இருந்திருந்தால்? எல்லாவற்றுக்கும் சேர்த்து 75,000. கையிலிருந்து 1,69,600 போயிருக்கும். வித்தியாசம் 1,11,900.

மாப்பிள்ளை இப்போது எல்லாரிடமும் "அக்கா சொன்னதாலதான் தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். குழந்தை நல்லபடியாகப் பிறந்து நேரே தாய் மடிக்கு வந்திருந்தால் என் ஆலோசனையால் அவர்களுக்கு நஷ்டம்தான். பிரசவத்தில் 25,000 குறைவாகக் கிடைத்திருக்கும், அதோடு மாதம் 9,000 போயிருக்கும். ஒரு வருடத்தில் என்.ஐ.சி.யூ. வித்தியாசத்தையே அந்தச் சம்பள உயர்வு ஏறக்குறைய அடைத்துவிட்டிருக்கும். நான் என்.ஐ.சி.யூ. வாசலில் நின்றவர்களை மட்டும் பார்த்துப் பழகியவள். நேராக வீட்டுக்குப் போன குழந்தைகள் என் கவுன்டருக்கு வந்ததே இல்லை. என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இனி அந்த ஓட்டை. இ.எஸ்.ஐ.யை நான் சம்பளத்துக்காக மட்டும் பார்த்தேன். காப்பீடு பெற்ற பெண்ணின் குழந்தைக்கும் அதில் மருத்துவம் உண்டு, உச்சவரம்பு என்று ஒரு தொகை கிடையாது. வேலூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாத சிகிச்சைக்கு அவர்களே வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். பிரசவத்தை அங்கே அல்லது அடுக்கம்பாறையில் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தால், கணவர் செப்டம்பரில் தாராளமாகப் புதிய வேலைக்குப் போயிருக்கலாம். குரூப் பாலிசியின் அந்த இரண்டாவது வரி யாரையும் தொட்டிருக்காது. இந்த வழியை நாங்கள் எடைபோட்டு ஒதுக்கவில்லை. பேசவே இல்லை. "இ.எஸ்.ஐ.லயா பிள்ளை பெத்துக்கிறது?" என்ற ஒரு எண்ணம் வீட்டில் எல்லாரிடமும் இருந்தது, ஆறு வருடம் பில் பார்த்த என்னிடமும் இருந்தது. அங்கே இடவசதியும் மருத்துவர் எண்ணிக்கையும் எப்படி என்று நேரில் போய்ப் பார்த்து வேண்டாம் என்றிருந்தால் அது முடிவு. நாங்கள் செய்தது அது இல்லை.

தங்கைக்கு இ.எஸ்.ஐ. பணம் தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. மருத்துவமனைக்குக் கையிலிருந்து கட்டியதைப் போல இரண்டு மடங்கு. 26 வாரம் முடிந்து ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினாள். கணவர் இன்னும் பழைய கம்பெனியில்தான் இருக்கிறார். வேறு இடம் தேடுகிறார், நேர்காணலுக்குப் போகும்போதே பாலிசித் தாளைக் கேட்கிறாராம். பையனுக்குப் பெயர் வைத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு வருடம் முடிவதற்குள் ஏற்றிவிட்டார்கள், கட்டணம் இல்லாமல் முடிந்தது. காப்பீட்டு அட்டையில் மட்டும் இன்னும் "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மா பெயர்தான் இருக்கிறது. அடுத்த புதுப்பிப்புக்குள் மாற்றச் சொல்லி இந்த வாரமும் மாப்பிள்ளைக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கிறேன்.